தழும்பில்லாத வயிறு

சத்தியம், சத்தியம், இன்னொரு தடவையும் சத்தியம். சூடத்தை ஏற்றி நீட்டுங்கள், உள்ளங்கையால் அறைந்து அணைத்துக் காட்டுகிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் இந்த ஸ்ட்ரெச்சரோடு என்னைச் சுடுகாட்டுக்கே தள்ளிக்கொண்டு போகலாம், முன்சக்கரம் ஒன்று தேய்ந்து ஏற்கனவே அந்தப் பக்கமாகத்தான் இழுக்கிறது. விருதுநகர் மண்டியில் நாற்பது வருடம் மூட்டை தூக்கிய வெயிலுமுத்து சொல்கிறேன். ஊரில் விசாரித்தால் அவனா, வாயைத் திறந்தால் புளுகு என்பார்கள். என்பார்கள்தான். முதுகில் மூன்று மூட்டை உளுந்து, பல்லில் ஒரு மூட்டை துவரை, அப்படியே சரக்கு அடுக்குகிற கிட்டங்கிப் படி ஏறினேன் என்று சொன்னது நான்தான். கண்மாயில் நான் பிடித்த கெளுத்தி தன் பொண்டாட்டி பேரைச் சொல்லி அழுதது, மனசு கேட்காமல் திரும்ப விட்டேன் என்று சொன்னதும் நான்தான். அதெல்லாம் டீக்கடைக்கு. இது வயிறு. உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து சாக்குத் தைக்கிறான். கோணி ஊசியைத் தொப்புளுக்குப் பக்கத்தில் குத்தி, சணலைச் சரசரவென்று இழுத்து, ஒரு முடிச்சு. கொஞ்சம் விடுகிறான். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த குத்து. தைத்துக்கொள்ளடா, நானும் ஆயிரம் மூட்டைக்கு வாய் தைத்தவன்தான், யார் கை முதலில் ஓய்கிறது பார்ப்போம். தலைமாட்டில் சீனியம்மாள் நிற்கிறாள். என் வீட்டுக்காரி. ஒரு கையால் என் நெற்றியில் விபூதி, இன்னொரு கையில் மஞ்சள் பை, அதற்குள் நான் வாந்தி எடுத்த துண்டு. இந்த ஊரிலேயே என்னை நம்புகிற ஒரே ஆள். அதுதான் இப்போது சிக்கலே.

சின்ன டாக்டரம்மா வந்தது எப்போது, ஒரு மணிக்கா, கழுத்தில் குழாயும் கண்ணுக்குக் கீழே கருவளையமும், கை மட்டும் நல்ல கை, வயிற்றில் வைப்பதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டது. "எப்ப தாத்தா ஆரம்பிச்சது?" பதினோரு மணிக்குத் தாயி, இவ மொளகா வத்தல் வறுத்தா, நெடி ஏறி ஏழு தும்மல் தும்மினேன், ஏழாவது தும்மல்ல எதிர்வீட்டு ஓட்டுல ரெண்டு ஓடு... சீனியம்மாள் குறுக்கே விழுந்தாள். "ஆமா தாயி, ரெண்டு ஓடு." பார்த்தீர்களா, இவள் இப்படித்தான். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதியது. ஓடு பறந்ததை எழுதவில்லை, தும்மலை எழுதியது, கெட்டிக்காரி. வலி முதுகுக்குப் பாயுதா? இல்லை. தோள்பட்டைக்கு? இல்லை. தண்ணி போடுவீங்களா? ஒரு பொய்க்கு வாய் ஊறியது, தாமிரபரணியையே ஒரு மடக்கில், சொல்லவில்லை, வலி விடவில்லை, பொங்கலுக்குப் பொங்கல் என்றேன். மூட்டு வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடுற பழக்கம் உண்டா, வயிறு புண்ணாகி ஓட்டை விழும், அதான் கேக்குறேன். மூட்டை தூக்குனவனுக்கு ஏது தாயி மூட்டு வலி. நெஞ்சில் ஈரமாக எதையோ ஒட்டி ஒரு தாள் எடுத்தது, சில பேருக்கு நெஞ்சு வலியே வயித்து வலியா வரும் தாத்தா, அது இல்லைன்னு பாத்துக்கிறேன். இல்லை. காத்துப் பிரிஞ்சுதா? என்னது? பின்னால காத்து போச்சா இன்னைக்கு? பொம்பளைப் பிள்ளை கேட்கிற கேள்வியா, கேட்டதும் கேட்காத மாதிரி பேனாவைப் பார்த்தது, நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றேன், வாழ்க்கையில் நான் வெட்கப்பட்டுச் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அப்புறம் வயிற்றை நாலாக மடித்த மாதிரி மனசுக்குள் கோடு போட்டு ஒவ்வொரு மூலையாக அமுக்கியது, அமுக்குறப்ப வலிக்குதா, கைய எடுக்குறப்ப வலிக்குதா, ரெண்டும்தான் தாயி, எது ஜாஸ்தி, மேல் மூலை, கீழ் மூலை, கை இறங்கி இறங்கி வேட்டி மடிப்புக்கு வந்து, வேட்டிக்குள் இருக்கிற சிவப்புத் துணிக் கட்டைத் தொட்டது. தொட்டதும் சீனியம்மாள் அலறினாள். "தாயி, அதுல மட்டும் கை வைக்காத! சாமி கட்டு. முப்பது வருசக் கட்டு. அவுந்தா எம்பிள்ளைக்கு ஆகாது." அந்தப் பெண் என்னைப் பார்த்தது. சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடி. என் கையும் போய் அதன் கையைப் பிடித்துத் தள்ளியது, கையை நான் அனுப்பவில்லை, முப்பது வருடப் பழக்கம், அதுவாகப் போனது. சரிம்மா, சாமி விஷயம், நான் தொடலை என்று சொல்லிவிட்டு மேலே இருந்த வயிற்றோடு நிறுத்திக்கொண்டது. ரத்தம் எடுத்தது, படம் எடுக்க எழுதியது, போய்விட்டது. தையல்காரன் உள்ளே சிரித்தான்.

கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், வலி ஏறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். மூட்டை தூக்குகிற எங்கள் செட்டில் அய்யம்பெருமாள் என்று ஒருத்தன், தூணை மாதிரி ஆள், ஒரு நாள் வத்தல் மூட்டையைத் தூக்கும்போது ஹம் என்றான், அவ்வளவுதான், தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்துக்கொண்டது. குடல் இறங்கிப் போச்சு என்று மேஸ்திரி சொன்னார். அதற்கப்புறம் அவனுக்கு மூட்டை கிடையாது, கையில் விளக்குமாறைக் கொடுத்தார்கள், சிந்தின வத்தலைக் கூட்டி அள்ளுகிற வேலை, பொம்பளைகளோடு. தும்மிக்கொண்டே கூட்டுவான். நாங்கள் அவன் தலைக்கு மேலே மூட்டையோடு போவோம், காலை நகத்துடா என்று சொல்வோம், நானும் சொன்னேன், மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னேன். அடுத்த வருடம் எனக்கு முப்பத்தெட்டு வயது, உளுந்து லோடு, ஹம் என்றேன், எனக்கும் எலுமிச்சம்பழம். ஆபரேசன் என்றால் மூன்று மாதம் படுக்கை, அப்புறம் மூட்டை தூக்கக் கூடாது என்பார்கள், அப்புறம் விளக்குமாறு. நானா? கிட்டங்கிக்குப் பின்னால் உடைந்த கட்டில் கால் ஒன்று கிடந்தது, அதன் நுனியில் இருந்த வழுவழுப்பான குமிழை அறுத்து எடுத்து, இடுக்கில் வைத்து அழுத்தி, மேலே சிவப்புத் துணியை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டேன். உள்ளே போனது போனபடி நின்றது. அதோடு இருபத்திரண்டு வருடம் தூக்கினேன், ஒரு பயலுக்குத் தெரியாது. வீட்டில் மட்டும் மறைக்க முடியுமா? ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது சீனியம்மாள் கேட்டாள், அது என்னங்க சிவப்பா. வாயில் சோறு இருந்தது, சோற்றை முழுங்குவதற்குள் பொய் தயாராகிவிட்டது. சதுரகிரி மலையில் பன்னிரண்டு வருடமாக ஒரு கையை மேலே தூக்கினபடியே நிற்கிற சாமியார், விரல் இடுக்கில் குருவி கூடு கட்டியிருக்கிறது, என்னைக் கூப்பிட்டுக் கட்டிவிட்டார், இந்த முடிச்சு அவிழாத வரைக்கும் உன் பிள்ளை உசுருக்குச் சேதமில்லை என்றார். அப்போது பிள்ளைக்கு மூன்று வயது, செண்பகராஜ், காய்ச்சலில் கிடந்தான். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அது ஏன் அன்றைக்கு இறங்க வேண்டும்? அவன் வளர்ந்து லாரி ஓட்டப் போய், ஓசூர் பக்கம் வண்டி மூன்று குட்டிக்கரணம் போட்டு, கிளீனருக்குக் கால் போய், இவன் முழங்கையில் ஒரு சிராய்ப்போடு எழுந்து வந்தான். அன்றைக்கு ராத்திரி இவள் என் இடுப்புக் கட்டுக்குக் கற்பூரம் காட்டினாள். எனக்கு. என் இடுப்புக்கு. சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. முப்பது வருடம் கூடப் படுத்தவளுக்கா தெரியாது என்று கேட்பீர்கள். தூக்கத்தில்கூடக் கை அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து, கையை மடித்துத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு படுக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? ஆடி அமாவாசைக்கு மலைக்குப் போய்ச் சாமியார் கையாலேயே துணி மாற்றிக் கட்டி வருகிறேன் என்று கிளம்புவேன், பாதி வழியில் பம்ப்செட்டில் குளித்து, துணி மாற்றி, கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவேன். அவள் அன்றைக்கு விரதம்.

படம் எடுக்க நிற்க வைத்தார்கள், நில்லுங்க, மூச்சைப் பிடிங்க, விடாதீங்க, நிற்கும்போது பச்சையாக வாந்தி வந்தது, இரும்புப் பலகையெல்லாம் பச்சை. மூக்கு வழியாகக் குழாயை விட்டார்கள், முழுங்குங்க முழுங்குங்க, முழுங்கினேன், பாம்பை முழுங்கின கதையை இனிமேல் தைரியமாகச் சொல்லலாம். வயிறு மத்தளமாக ஏறிவிட்டது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தையல்காரன் விட்டு விட்டுக் குத்துவதை நிறுத்திவிட்டான். நிறுத்திவிட்டான் என்றால் வலி போய்விடவில்லை, இழுத்த சணலை இழுத்தபடியே பிடித்துக்கொண்டிருக்கிறான், தளர்த்தவே இல்லை, இடைவெளியே இல்லை, முடிச்சு மட்டும் இறுகிக்கொண்டே. எங்கே இறுகுகிறது என்று எனக்குத் தெரியும். குமிழுக்கு அடியில். ஏழாவது தும்மலில் குடல் குமிழைத் தாண்டி வெளியே வந்துவிட்டது, குமிழே இப்போது அதன் கழுத்தில் கால் வைத்து நிற்கிறது. டாக்டருக்குப் படிக்காத எனக்குத் தெரிகிறது, படித்த பிள்ளைக்குத் தெரியவில்லை, தெரியாமல் பண்ணியது நான். சொல்லு. சொன்னால் என்ன? மண்டியில் தெரிந்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், எனக்கு அறுபத்தெட்டு, இனி யார் எனக்கு விளக்குமாறு கொடுப்பது. அது இல்லை. செண்பகராஜ் இப்போது வண்டியோடு நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறான். முடிச்சு அவிழ்ந்ததென்றால் இவள் இனி ஒவ்வொரு போன் மணிக்கும் செத்துச் செத்துப் பிழைப்பாள், அவன் வீடு வந்து சேர்ந்த பிறகும், அடுத்த லோடு, அதற்கடுத்த லோடு. அதற்காகச் சாவேனா? சாவதா? ஒரு கட்டில் கால் குமிழுக்காகவா? இந்த வெயிலுமுத்து செத்தால் யானை மிதித்துச் சாக வேண்டும், இல்லை இடி விழுந்து. தும்மிச் செத்தான் என்று என் சாவுக்கு எவன் கதை சொல்வான்? மாட்டேன். செத்துப் போவேனா, மாட்டேன்.

பெரிய டாக்டர் வந்தார். குள்ளம், சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "படிப்படியா தண்ணி நிக்குது பாருங்க, குடல் அடைப்பு" என்று சின்ன டாக்டரம்மாவிடம் சொன்னார். அப்புறம் என் சட்டையைத் தூக்கி வயிற்றையே பார்த்தார், தொடவில்லை, சும்மா பார்த்தார். "பெரியவரே, முன்னாடி வயித்துல ஆபரேசன் ஏதும்?" கத்தியே பட்டதில்லை. "பாத்தியாம்மா, தழும்பு கிடையாது. தழும்பில்லாத வயித்துல அடைப்புன்னா முதல்ல எங்க பாக்கணும்?" அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. "தொடை இடுக்கு சார்... அங்க சாமி கட்டுன்னு..." "சாமி கட்டட்டும், நாம பாக்கணும். அவுருங்க." சீனியம்மாள் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து இரண்டு கையாலும் முடிச்சைப் பொத்திக்கொண்டாள். ஐந்தடி இல்லை, நாற்பத்தைந்து கிலோ இல்லை. "கழுத்த அறுத்தாலும் விட மாட்டேன் சார்." பெரிய டாக்டர் சத்தம் போடவில்லை. "அம்மா, உள்ள குடல் மாட்டியிருந்தா ரத்த ஓட்டம் நின்னு அழுகிடும். ஒவ்வொரு மணி நேரமும் மோசம். வெளிய இருங்க. சிஸ்டர், அம்மாவக் கூட்டிட்டுப் போங்க." நர்ஸ் அவள் தோளைப் பிடித்தது. எங்கிருந்து எனக்குக் குரல் வந்தது என்று தெரியவில்லை, மூக்கில் குழாயோடு கத்தினேன். "யாரும் அவ மேல கை வைக்கக் கூடாது! நான் சொல்லிக்கிறேன்." எல்லாரும் நின்றார்கள். சொன்னேன். ஏய் சீனி, சாமியாரும் இல்ல, மலையும் இல்ல. எனக்குக் குடல் இறங்கி முப்பது வருசம். உள்ள இருக்கிறது கட்டில் கால் குமிழு. வெளிய தெரிஞ்சா மூட்டை குடுக்க மாட்டானுகன்னு நானாக் கட்டினது. உங்கிட்ட சொன்னது முச்சூடும் பொய்யி. எவ்வளவு கஷ்டம் தெரியுமா, அலங்காரமே இல்லாமல் ஒரு பேச்சுப் பேசுவது, வாய் உப்புக் கரித்தது. சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். இடிந்து போவாள் என்று நினைத்தேன், அறைவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். "ஏங்க, பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நல்லாச் சொல்லுங்க. கட்டில் காலாம், குமிழாம். வலி தாங்காம கட்டை அவுக்கப் பாக்கீங்க. எங்கிட்டயேவா?" பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் நம்பிவிட்டார், அவர் கண்ணில் தெரிந்தது. நம்ப வேண்டியவள் நம்பவில்லை. முப்பது வருடத்தில் அவளிடம் ஒரே ஒரு உண்மை சொன்னேன், அது மட்டும் அவளுக்குப் பொய்யாகப் பட்டது.

சரி. அப்படியா. உண்மை வேலைக்காகாதா, போ. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்று இருக்கிறது. கண்ணை மூடினேன், வலியை ஓரமாக உட்காரச் சொன்னேன், மூச்சை இழுத்து விட்டேன், குரலை இறக்கினேன். "சீனி... சத்தம் போடாத... ஒனக்குப் பின்னால நிக்கிறாரு." யாரு? "அவருதான். கைய இறக்கிட்டாரு சீனி. குருவிக் கூட்டக் காணோம், பறந்துருச்சு." அவள் மெதுவாகத் திரும்பினாள். பின்னால் குளுக்கோஸ் பாட்டில் தொங்குகிற கம்பி, அதற்குப் பின்னால் சுவர். நர்ஸ் வாயைத் திறந்தது, பெரிய டாக்டர் கண்ணாலேயே அடக்கினார், நல்ல மனுசன், நல்ல கதை கேட்டுப் பழகினவராக இருக்கும். சீனியம்மாள் என்னிடம் குனிந்தாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "அப்படின்னா சொல்லுங்க. எந்தக் கையால கட்டினாரு?" ஐயோ. எந்தக் கை? ஒரு கை மேலே, ஒரு கை கட்டியது. எது மேலே? அவளிடம் அதை ஒரே தடவைதான் சொன்னேன், பேசினால் பலன் குறையும் என்று அப்புறம் அவளே பேச விடவில்லை. டீக்கடையில் கட்டைச் சொல்லாமல் சாமியாரை மட்டும் பத்து விதமாகச் சொல்லியிருக்கிறேன், இடது என்று, வலது என்று, ஒரு தடவை இரண்டு கையும் என்று. சணல் இறுகுகிறது. இடதா, வலதா, முடிச்சு இறுகுகிறது, நேரம் போகிறது, அழுகிடும் என்றாரே, இடதா, நில், அன்றைக்கு ராத்திரி, சோறு, என்ன குழம்பு, கருவாட்டுக் குழம்பு, வலது கை குழம்பில், ஆமாம், கை தூக்கினதை அவளுக்கு நடித்துக் காட்டினேனே, எச்சில் கையையா தூக்குவேன், இடது கையைத் தூக்கினேன், இடது கை மேலே, அப்படியானால் கட்டினது. "வலது கை" என்றேன். சீனியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்ன சொல்றாரு?" கெடு முடிஞ்சுதாம். எங்கிட்ட இருந்த காவல் இனிமே ஒங்கிட்டயாம். கட்டினது அவரு, அவுக்க வேண்டியது வீட்டுக்காரியாம், வேற ஆள் கை படக் கூடாதாம், உள்ள இருக்கிற மூலிகைக் கட்டைய நீ முந்தானைல முடிஞ்சுக்கணுமாம், பிள்ளைக்கு அதுவே போதுமாம். "நல்லாருப்பான்னாரா?" நூறு வருசம்னாரு. அவள் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம் குனிந்து, பல்லும் நகமுமாக, முப்பது வருடம் தொடாத முடிச்சை அவிழ்த்தாள்.

குமிழ் உருண்டு அவள் கையில் விழுந்தது, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடியில் எலுமிச்சம்பழம் இல்லை, மாதுளம்பழம், சிவந்து மின்னியது. இருமுங்க என்றார் பெரிய டாக்டர், இருமினேன், அது அசையவில்லை. சின்ன டாக்டரம்மா தொடப் போனது, அமுக்கக் கூடாது, உள்ள தள்ளக் கூடாது என்று தடுத்தார். "பதினோரு மணிக்கா? இப்ப ரெண்டரை. ஓடுங்க, தியேட்டருக்குச் சொல்லுங்க. குடல் கலர் நல்லாருந்தா உள்ள விட்டுத் தச்சிரலாம். இல்லைன்னா கொஞ்சம் வெட்ட வேண்டி வரும் பெரியவரே, பயப்படாதீங்க." பயமா, வெட்டுங்கள், எனக்கு உள்ளே அறுபதடி இருக்கிறது என்றேன். அப்பாடா, வாய் திரும்பிவிட்டது. இப்போது தள்ளிக்கொண்டு போகிறார்கள், மேலே விளக்கு விளக்காகப் போகிறது, தேய்ந்த சக்கரம் கிறீச்சிடுகிறது, தையல்காரன் இன்னும் இழுத்துத்தான் பிடித்திருக்கிறான், இருடா, உன் சணலை அறுக்கக் கத்தரிக்கோல் தயாராகிறது. தியேட்டர் கதவு வரைக்கும் சீனியம்மாள் கூடவே வருகிறாள், முந்தானையில் கட்டில் காலை முடிந்து, என்னைவிட நிமிர்ந்து, இப்போது அவள்தான் காவல். போன் அடித்தால் இனி பயப்பட மாட்டாள். நான் திரும்பி வராவிட்டாலும் பயப்பட மாட்டாள், வருவேன், அது வேறு. நீங்கள் இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், மண்டியில் சொல்லுங்கள், பஸ்ஸில் சொல்லுங்கள், ரெண்டு ஓட்டை நாலு ஓடாக்கிச் சொன்னாலும் சம்மதம். ஆனால் சின்னதாய், காதில் பூ வைத்த மாதிரி ஒரு கிழவி முந்தானையைத் தடவிக்கொண்டே வந்து, இதை யார் உங்களிடம் சொன்னது என்று கேட்டால், யாரோ போகிற போக்கில் சொன்னார்கள் தாயி, முகம் ஞாபகமில்லை என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.